ஆற்றில் பிடித்த வண்ணமீன்களை வாங்கலாமா?

நீலநதி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். வண்ணமீன் வளர்ப்பில் நெடுங்கால அனுபவம் உள்ளவர்களிடமும் மீனியல் படித்தவர்களிடமும் ஒரு விளக்கம் கேட்க விரும்புகிறேன்.

கடல் வண்ணமீன்களில் மிகப் பெரும்பாலானவை பவளத்திட்டுகளிலிருந்து நேரடியாகப் பிடிக்கப்படுகின்றன என்றும், நன்னீர் வண்ணமீன்களில் நிலைமை தலைகீழாக, விற்பனைக்கு வரும் உருப்படிகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பண்ணைகளில் பிறந்தவை என்றும் அடிக்கடி படிக்கிறோம். இதைக் காட்டியே, நன்னீர் மீன் வளர்ப்பவர்கள் மனம் சங்கடப்படத் தேவையில்லை என்று பலரும் பேச்சை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்த முடிவு நிறைவளிக்கவில்லை. கப்பி, மாலி, தங்கமீன், ஏஞ்சல் போன்ற சில இனங்கள் பண்ணைகளில் பெரும் எண்ணிக்கையில் பெருக்கப்படுவதால் மொத்தக் கணக்கு அவற்றின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. உருப்படிகளை எண்ணாமல் இனங்களை எண்ணினால், ஓடைகளிலிருந்தும் சதுப்புக் காடுகளிலிருந்தும் இன்றும் வலைபோட்டு எடுக்கப்படும் இனங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன.

இவற்றைப் பற்றி இரண்டு கருத்துகளைக் கேட்கிறேன். ஆற்று மீனை வாங்குவது அந்த இனத்தை அழிவை நோக்கித் தள்ளும் என்பது ஒன்று. நன்னீர் மீன்களை அழிப்பவை அணைகளும் கழிவுநீரும் காடழிப்பும்தான், வண்ணமீன் வணிகத்தின் பங்கு கணக்கில் வராத அளவுக்குச் சிறியது, அதோடு அதை நம்பி ஆற்றோரக் குடும்பங்கள் வாழ்கின்றன என்பது மற்றொன்று. இவற்றில் எது உண்மைக்கு நெருக்கமானது? பண்ணை மீன்களை மட்டுமே வாங்குவேன் என்று ஒருவர் முடிவெடுத்தால் ஆறுகளின் மீதுள்ள சுமை உண்மையில் குறையுமா? பொதுவான கருத்தாகச் சொல்லாமல் குறிப்பிட்ட மீன்களையும் இடங்களையும் வைத்து விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஆற்றோரம் (மறுமொழி):

நண்பரே, நீங்கள் கேட்ட இரண்டு கருத்துகளுக்கும் சான்றுகள் உண்டு. எந்த மீனைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைப் பொறுத்தே விடை மாறுகிறது. ஒரே வணிகத்தின் இரு எல்லைகளில் நிற்கும் இரண்டு மீன்களை எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, 1956-இல் அறிவியல் பெயர் பெற்ற கார்டினல் டெட்ரா. பிரேசிலின் அமேசோனாஸ் மாநிலத்தில் ரியோ நீக்ரோ ஆற்றின் நீர்மட்டம் ஒவ்வோர் ஆண்டும் பல மீட்டர் உயர்ந்து காட்டுக்குள் பரவுகிறது. அந்த வெள்ளக் காட்டில்தான் இந்த மீன் உணவுண்டு, இனம்பெருக்கி, பெருங்கூட்டங்களாகப் பல்கிப் பரவுகிறது. நீர் வடியும்போது குட்டைகளில் சிக்கிக்கொள்ளும் எண்ணற்ற மீன்கள் வற்றியும் மூச்சுத் திணறியும் பறவைகளுக்கும் பெரிய மீன்களுக்கும் இரையாகியும் மடிகின்றன. இயற்கையில் இவற்றில் பெரும்பாலானவை ஓராண்டளவே வாழ்கின்றன. இப்படி ஆண்டுதோறும் பெருகி ஆண்டுதோறும் மடியும் இனத்தில், எப்படியும் இறந்திருக்கக்கூடிய ஒரு பகுதியைக் கைவலையால் எடுப்பது, அடுத்த ஆண்டின் கூட்டத்தைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. பார்செலோஸ் நகரைச் சுற்றியுள்ள 'பியாபெய்ரோ' எனப்படும் மீன்பிடிப்பவர்கள் பல பத்தாண்டுகளாக இந்த மீனைப் பிடித்துவந்தும் அது அங்கே இன்னும் ஏராளமாக இருக்கிறது. 1980-களின் இறுதியில் அங்கே தொடங்கிய ஆய்வுப்பணி பின்னர் பியாபா திட்டமாக வளர்ந்து, 'ஒரு மீனை வாங்கு, ஒரு மரத்தைக் காப்பாற்று' என்ற முழக்கத்தை முன்வைத்தது. காடு நின்றால்தான் மீன் வரும் என்பதை அனுபவத்தில் அறிந்த மக்களுக்கு, மரம் வெட்டுவதையும் தங்கம் தோண்டுவதையும் விட மீன் பிடிப்பது மதிப்புள்ள தொழிலாக இருக்கும் வரை அந்தக் காடு நிற்கும் என்பதே அதன் அடிப்படை.

இரண்டாவது, நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் டெனிசன் பார்ப். மிஸ் கேரளா என்ற பெயரில் உலகமெங்கும் அறியப்பட்ட, சிவப்புக் கோடு ஓடும் அழகிய மீன். 1865-இல் பிரான்சிஸ் டே இதை விவரித்தார். 1990-களின் இறுதியில் பன்னாட்டு வண்ணமீன் சந்தை இதைக் கண்டுகொண்டது. கேரளத்திலும் கர்நாடகத்திலும் சில ஆறுகளின் மேற்பகுதிகளைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத ஓரிடவாழ்வி இது. தெளிந்த நீரில், பாறைகளுக்கிடையே உள்ள மடுக்களில் கூட்டமாகத் திரியும் வழக்கம் இதற்கு உண்டு. ஒரு மடுவை வளைத்து வலையிட்டால் அந்தப் பகுதியின் கூட்டத்தில் பெரும்பகுதி ஒரே வீச்சில் கைக்கு வந்துவிடும். வேகமாக இனம்பெருக்கும் டெட்ராவைப் போல ஓராண்டில் இழப்பை ஈடுகட்டும் ஆற்றல் இதற்கு இல்லை. இன்று இது பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்தில் உள்ள இனமாக இடம்பெற்றிருக்கிறது.

இந்திய ஏற்றுமதியைப் பற்றி 2013-இல் வெளியான ஆய்வு ஒன்று, 2005 முதல் 2012 வரையிலான காலத்தில், அழியும் அச்சுறுத்தலுக்கு உள்ளான 30 நன்னீர் மீன் இனங்களைச் சேர்ந்த குறைந்தது 15 லட்சம் மீன்கள் இந்தியாவிலிருந்து வெளியே சென்றதைப் பதிவுசெய்தது. அவற்றில் பெரும்பங்கு வகித்தவை போட்டியா ஸ்ட்ரையாட்டா என்ற லோச், குள்ளப் பேத்தை மீன், டெனிசன் பார்ப்பும் அதன் நெருங்கிய உறவான சாலக்குடி பார்ப்பும் ஆகியவையே. இந்த எண்ணிக்கையில் ஆற்றங்கரையிலும் வழியிலும் இறந்த மீன்கள் சேரவில்லை.

கட்டுப்பாடு முயலப்படவில்லை என்றும் சொல்ல முடியாது. கேரள அரசு 2008-இல் டெனிசன் பார்ப்பைப் பிடிப்பதற்குத் தடைக்காலமும் பிற வரம்புகளும் விதித்தது. ஆனால் அந்த மீன் அக்டோபர் முதல் மார்ச் வரையிலான காலத்தில் முட்டையிடுகிறது என்பதைப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. தடைக்காலமோ பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழை மாதங்களில் அமைந்திருந்தது. முட்டை தாங்கிய மீன்களைப் பிடிக்க வழி திறந்தே இருந்தது. நல்லெண்ணத்தோடு போடப்பட்ட விதியும்கூட, மீனின் வாழ்க்கைச் சுழற்சியை அறியாமல் போடப்பட்டால் மீனுக்கு உதவாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

ஆகவே ஓர் இனம் எவ்வளவு பரப்பில் வாழ்கிறது, எவ்வளவு விரைவாகப் பெருகுகிறது, எந்த வயதில் பிடிக்கப்படுகிறது என்பவற்றைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். கிளவுன் லோச் இங்கே கவனிக்கத்தக்கது. சுமத்ராவிலும் போர்னியோவிலும் ஆண்டுதோறும் இதன் குஞ்சுகள் பெரும் எண்ணிக்கையில் பிடிக்கப்படுகின்றன. எனினும் 15 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட மீன்களை ஏற்றுமதி செய்ய இந்தோனேசியா தடை விதித்திருப்பதால், முட்டையிடும் வயதுள்ள பெரிய மீன்கள் ஆற்றிலேயே தங்குகின்றன. இயற்கையாகவே பெருமளவில் மடியும் குஞ்சுகளில் ஒரு பகுதி மட்டுமே வணிகத்துக்குப் போகிறது. விதி எளிமையானது, அந்த மீனின் இயல்புக்கும் பொருந்துகிறது.

செவுள் (மறுமொழி):

ஆற்றோரம் அவர்களின் விளக்கத்தை மதிக்கிறேன். ஆனாலும் கார்டினல் டெட்ராவை முன்னிறுத்தும் ஒவ்வொரு விவாதமும் வணிகத்துக்கு அது ஈட்டாத நற்பெயரைத் தந்துவிடுகிறது என்று அஞ்சுகிறேன். ஆண்டுதோறும் பெருவெள்ளத்தில் பெருகும் மீன்கள் இந்தச் சந்தையில் சிலவே. உயர்ந்த விலைக்கு விற்கப்படும் மீன்கள் பெரும்பாலும் அரிதானவை, சிறு பரப்பில் வாழ்பவை. அரிதாக ஆக ஆக விலை ஏறும் பொருளாக ஓர் உயிரினம் மாறிவிட்டால், கடைசி மீனைத் தேடிப்போவதும் இலாபமாகிவிடுகிறது. உணவுக்காகப் பிடிக்கப்படும் மீன் குறைந்தால், தேடும் செலவு கட்டுப்படியாகாமல் மீனவர் வேறு மீனுக்கு மாறுவார். வண்ணமீன் சந்தையில் அந்த இயல்பான தடை வேலை செய்வதில்லை.

பிரேசிலின் சிங்கு ஆற்றில், வோல்டா கிராண்டி என்ற வளைவில் மட்டும் வாழும் சீப்ரா பிளெக்கோவைப் பாருங்கள். கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுகள் கொண்ட, உள்ளங்கைக்குள் அடங்கும் கெளுத்தி வகை, 1991-இல்தான் விவரிக்கப்பட்டது. பாறை இடுக்கில் ஒரு முறைக்கு ஏறத்தாழ பத்துப் பதினைந்து முட்டைகளே இடும், ஆண் மீன் அவற்றைக் காக்கும். இவ்வளவு மெதுவாகப் பெருகும் மீனின் ஏற்றுமதியைப் பிரேசில் 2000-களின் நடுப்பகுதியிலேயே தடை செய்தது. மீன்கள் எல்லை கடந்து கொலம்பியாவுக்குக் கடத்தப்பட்டு, அங்கிருந்து முறையான ஏற்றுமதி போலவே உலகச் சந்தைக்குப் போயின. இதற்கிடையில் பெலோ மோன்டி அணை எழுந்து அந்த வளைவின் நீரில் பெரும்பகுதியைத் திருப்பிக்கொண்டது. அணையா வணிகமா என்று கேட்பவர்களிடம் இந்த மீனைத்தான் நான் காட்டுவேன். வாழிடம் சுருங்கிய பிறகு, முன்பு தாங்கக்கூடியதாக இருந்த பிடிப்பும்கூடத் தாங்க முடியாததாகிவிடுகிறது. இரண்டையும் தனித்தனித் தராசில் நிறுத்துவதில் பொருளில்லை. அழியும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் இந்த மீன் 2022-இல்தான் சேர்க்கப்பட்டது.

ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியிலும் இதே கதைதான். சின்டொங்கோ சவுலோசி என்ற சிக்லிட் மீன், சிசுமுலு தீவுக்கருகிலுள்ள ஒரே ஒரு பாறைத்திட்டில் வாழ்கிறது. பெண் மஞ்சளாகவும் ஆண் நீலமாகவும் இருப்பதால் உலகெங்கும் விரும்பப்பட்ட மீன். அந்தத் திட்டிலிருந்து பிடித்துப் பிடித்தே அது மிகமிக அருகிப்போய், அழிவின் விளிம்பில் உள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. அங்கே அணையும் இல்லை, ஆலைக்கழிவும் இல்லை. அதே ஏரியில், ஒரு பகுதியில் பிடித்த மீன்களை ஏற்றுமதிக்கு வசதியாக வேறொரு பகுதியில் கொண்டுபோய் விட்ட பழக்கத்தால், அங்கு இல்லாத இனங்கள் சில கரைகளில் நிலைகொண்டிருக்கின்றன.

புதிதாகக் கண்டறியப்படும் இனங்களுக்கு நேர்வது இன்னும் கவலைக்குரியது. மியான்மரின் ஷான் பீடபூமியில் 2006-இல் கண்டறியப்பட்ட, இரண்டு சென்டிமீட்டர் நீளமே உள்ள செலஸ்டியல் பேர்ல் டேனியோவின் படங்கள் இணையத்தில் பரவியவுடன் வாங்குவோர் குவிந்தனர். 2007-இல் அறிவியல் பெயர் சூட்டப்பட்டபோதே அது அழிந்துவிடுமோ என்ற அச்சம் எழுந்துவிட்டது. பின்னர் வேறு இடங்களிலும் அது வாழ்வது தெரியவந்ததும், வளர்ப்பவர்கள் அதை எளிதில் இனம்பெருக்கக் கற்றுக்கொண்டதும் நல்வாய்ப்பு. ஒவ்வொரு மீனுக்கும் அந்த நல்வாய்ப்பு அமையும் என்று நம்பியிருக்க முடியாது.

கடைசியாக ஒன்று. வணிகத்தின் பங்கு சிறியது என்று உறுதியாகச் சொல்பவர்கள் எந்தக் கணக்கை வைத்துச் சொல்கிறார்கள்? பன்னாட்டுச் சுங்கக் குறியீட்டில் நன்னீர் வண்ணமீன்கள் அனைத்துக்கும் ஒரே ஒரு தலைப்புதான் இருக்கிறது. பண்ணையில் பிறந்த கப்பியும் மலையோடையில் பிடித்த ஓரிடவாழ்வியும் அந்த ஒரே தலைப்பின் கீழ் எடையாகவும் பணமாகவும் பதிவாகின்றன. இனத்தின் பெயர் அதில் இல்லை, பிடித்த ஆற்றின் பெயரும் இல்லை. சைட்டிஸ் பட்டியலில் உள்ள மிகச் சில நன்னீர் மீன்களை விட்டால், மற்றவை எத்தனை எங்கிருந்து போயின என்பதைப் பெரும்பாலான நாடுகள் முறையாக எண்ணுவதில்லை. எண்ணப்படாததைச் சிறியது என்று சொல்ல நமக்கு உரிமையில்லை.

நீலநதி:

இருவருக்கும் மிக்க நன்றி. அணையையும் வணிகத்தையும் ஒன்றுக்கொன்று மாற்றாகப் பார்க்கக் கூடாது என்ற கருத்து எனக்குத் தெளிவைத் தந்தது. என் இரண்டாம் கேள்விக்கு யாரேனும் விடையளிக்க வேண்டும். பண்ணை மீனை மட்டும் வாங்கினால் போதுமா?

துடுப்பு (மறுமொழி):

பண்ணைகள் பல இனங்களின் மீதுள்ள அழுத்தத்தைக் குறைத்திருக்கின்றன என்பதில் ஐயமில்லை. 1936-இல் அறியப்பட்டு, ஒரு காலத்தில் அமேசானிலிருந்தே வந்துகொண்டிருந்த நியான் டெட்ரா இன்று ஏறக்குறைய முழுவதும் பண்ணை மீன். தாய்லாந்தின் செவ்வால் கருஞ்சுறா என்று நாம் அழைக்கும் மீன் (அது சுறா அன்று, கெண்டைக் குடும்பத்தது) இயற்கையில் அழிந்துவிட்டதாகவே கருதப்பட்டு, 2011-இல் மீண்டும் கண்டறியப்பட்டது. சந்தையில் உள்ள அனைத்தும் பண்ணைகளில் ஊக்குநீர் (ஹார்மோன்) ஊசி போட்டு இனம்பெருக்கப்பட்டவை. பண்ணை இல்லாவிட்டால் நம்மில் பெரும்பாலோர் அந்த மீனைப் பார்த்திருக்கவே மாட்டோம். இருந்தும் அதன் ஆற்றில் அது இன்றும் அழிவின் விளிம்பில்தான் இருக்கிறது. பண்ணை மீன்கள் பெருகியதால் ஆறு மீண்டுவிடவில்லை. சாவோ பிரயா வடிநிலத்தின் அணைகளும் வடிக்கப்பட்ட சதுப்புகளும் அப்படியே இருக்கின்றன. ஓர் இனம் கோடிக்கணக்கான தொட்டிகளில் வாழ்வதும் அது தன் ஆற்றில் வாழ்வதும் வேறு வேறு செய்திகள்.

ஆசிய அரோவானா மற்றொரு பாடம். சைட்டிஸ் நடைமுறைக்கு வந்த 1975 முதலே அது முதல் இணைப்பில் இருக்கிறது; இயற்கையில் பிடித்த மீனைப் பன்னாட்டு வணிகம் செய்வது தடை. பதிவுபெற்ற பண்ணைகளில் இரண்டாம் தலைமுறையாகப் பிறந்த மீன்களை, உடலில் நுண்சில்லு பொருத்திச் சான்றிதழோடு விற்கலாம். ஏட்டில் இது சிறந்த ஏற்பாடு. ஆனால் தடையும் சான்றிதழும் சேர்ந்து அந்த மீனுக்கு ஓர் அரும்பொருளின் மதிப்பை ஏற்படுத்தின. ஆண் மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாயில் சுமந்து வளர்க்கும் இனம் இது. குஞ்சுகளுக்காகத் தந்தை மீனையே பிடிக்கும் கடத்தல்காரர்களுக்கு அந்த மதிப்பு பெரும் ஊக்கமாக அமைந்தது. பண்ணைகள் செழித்த அதே காலத்தில் போர்னியோவின் பல நீர்நிலைகளில் இந்த மீன் காணக் கிடைக்காமல் போனது.

பண்ணைக்கு மற்றொரு விலையும் உண்டு. பார்செலோஸ் பகுதியைப் பற்றி ஆற்றோரம் எழுதியதன் தொடர்ச்சியாகச் சொல்கிறேன். ஐரோப்பாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் கார்டினல் டெட்ராவை இனம்பெருக்கக் கற்றுக்கொண்ட பிறகு ரியோ நீக்ரோ மீன்களுக்கான தேவை குறைந்தது, அங்குள்ள மீன்பிடிப்பவர்கள் பலர் தொழிலைக் கைவிட்டனர். ஆற்று மீனை வாங்காமல் விட்ட ஒருவர் தாம் ஆற்றுக்கு நன்மை செய்ததாக எண்ணியிருப்பார். அந்த ஆற்றில் மீன் குறைபாடு இருக்கவே இல்லை. குறைந்தது காட்டைக் காப்பதற்கான காரணம்தான்.

இனி, இந்த விவாதத்தில் இதுவரை யாரும் தொடாத பக்கத்தைச் சொல்ல வேண்டும். ஆற்றிலிருந்து எடுப்பதைப் பற்றியே பேசுகிறோம். ஆற்றில் கொண்டுபோய் விடுவதால் வரும் கேடு பல இடங்களில் அதைவிடப் பெரியது. தொட்டியைத் தூய்மைப்படுத்தும் என்று சிறு குஞ்சாக விற்கப்படும் சக்கர் மீன் ஓரிரு அடி வளர்ந்ததும், வளர்ப்பவர் அதை அருகிலுள்ள நீர்நிலையில் விட்டுவிடுகிறார். தென் அமெரிக்காவைச் சேர்ந்த அந்த மீன் காற்றிலிருந்தும் உயிர்வளி பெறும், மாசடைந்த நீரிலும் வாழும். கரையில் வளை தோண்டி அங்கேயே முட்டையிட்டுக் காக்கும், அதனால் கரைகள் சரிகின்றன. அதன் முள் துடுப்புகளும் தடித்த கவசமும் வலைகளைக் கிழிக்கின்றன. மெக்சிகோவின் இன்பெர்னியோ நீர்த்தேக்கத்தில் உணவு மீன்பிடிப்பே இந்த மீனால் நிலைகுலைந்தது. இந்தியாவிலும் வங்கதேசத்திலும் ஏரிகளிலும் வாய்க்கால்களிலும் இது இப்போது நிலைத்துவிட்டது. இவை பெரும்பாலும் பண்ணையில் பிறந்து விற்பனைக்கு வந்தவற்றின் வழிவந்தவை என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

நோயும் அவ்வழியே பயணிக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2003-இல் வளர்ப்பு மர்ரே காட் மீன்களைக் கொன்ற வைரசு, இறக்குமதி செய்யப்பட்ட குள்ள கௌராமி மீன்களில் காணப்படும் வைரசோடு மரபளவில் ஏறக்குறைய ஒன்றாக இருந்தது. நெருக்கமாகப் பண்ணையில் அடைத்து வளர்க்கப்படும் மீன்களில் இத்தகைய நோய்கள் எளிதில் பரவுகின்றன. எனவே பண்ணை என்ற சொல்லே ஒரு மீனுக்கு நற்சான்றிதழாகிவிடாது.

ஆற்றோரம்:

துடுப்பு சொன்னவற்றோடு உடன்படுகிறேன். ஒரு சிறு திருத்தம் மட்டும். ஓர் ஆற்றில் மீன் மறைந்தவுடன் வண்ணமீன் வணிகத்தின் மீது பழி போடும் பழக்கமும் ஆராயத்தக்கது. பாலா ஷார்க் (இதுவும் சுறா அன்று, கெண்டைக் குடும்பத்து மீன்) தென்கிழக்கு ஆசியாவின் பல ஆறுகளிலிருந்து மறைந்ததற்கு நெடுங்காலம் வண்ணமீன் பிடிப்பே காரணமாகச் சொல்லப்பட்டது. அந்த ஆறுகளில் அதே காலத்தில் அணைகளும் மாசும் பெருகின, அந்த மீன் உணவுக்காகவும் பிடிக்கப்பட்டது. வணிகம்தான் காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. 2025-இல் வெளியான உலகளாவிய மதிப்பீட்டின்படி நன்னீர் விலங்கினங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று அழியும் அச்சுறுத்தலில் உள்ளது. அதில் முன்னிலை வகிக்கும் காரணங்கள் மாசு, அணைகளும் நீர் எடுப்பும், வேளாண்மை ஆகியவையே. செவுள் சொன்னதுபோல எண்ணப்படாததைச் சிறியது என்று சொல்லக் கூடாது. எண்ணப்படாததைப் பெரியது என்று சொல்வதற்கும் அதே தடை பொருந்தும்.

தாழைமடு (மறுமொழி):

வளர்ப்பவர்களின் பக்கத்திலிருந்து ஒரு சொல். வணிகத்தின் சுமையை மட்டும் பேசிவிட்டு, வளர்ப்பவர்களால் உயிர்பிழைத்த இனங்களைப் பேசாமல் விடுவது நியாயமாகாது.

மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்தில் தெயுச்சித்லான் ஆற்றில் மட்டும் வாழ்ந்த தெகிலா மீன் என்ற சிறு மீன், மாசினாலும் அயல் மீன்களாலும் அந்த ஆற்றிலிருந்து முற்றிலும் மறைந்தது. பல ஆண்டுகளுக்கு முன் அதை எடுத்து வளர்த்து வந்த ஐரோப்பிய வளர்ப்பாளர்களிடம் அது தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துகொண்டிருந்தது. 1998-இல் இங்கிலாந்திலிருந்து ஐந்து இணைகள் மெக்சிகோவின் மிச்சோவாகான் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன. செஸ்டர் விலங்குக் காட்சியகமும் துணைநின்றது. முதலில் செயற்கைக் குளங்களில் இயற்கைச் சூழலுக்குப் பழக்கி, பின்னர் 1,500-க்கும் மேற்பட்ட மீன்கள் ஆற்றில் விடப்பட்டன. அவை அங்கே இனம்பெருக்கி நிலைத்துவிட்டதை 2021-இல் அறிவித்தார்கள். அந்த மீனைத் தொட்டிகளில் காத்துவந்தவர்களில் பலர் பெரிய நிறுவனத்தார் அல்லர். பெரிதாக வண்ணமில்லாத, கடையில் யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு மீனை ஆர்வத்தால் மட்டும் பல்லாண்டு காத்தவர்கள்.

தென்கிழக்கு ஆசியாவின் கரிச்சதுப்புக் காடுகளில் வாழும் பாரோஸ்ப்ரோமெனஸ் என்ற சிறு மீன் இனங்களையும் சில காட்டுச் சண்டைமீன் இனங்களையும் இப்போது நான் அதே கவலையோடு பார்க்கிறேன். கறுப்புத் தேநீர் போன்ற அமில நீரில் மட்டுமே வாழும் இவற்றில் சிலவற்றின் வாழிடம் எண்ணெய்ப்பனைத் தோட்டமாக மாற்றப்பட்டுவிட்டது. காடு வெட்டப்பட்டு நீர் வடிக்கப்பட்ட பின் அங்கே ஒரு மீன்கூட மிஞ்சாது. வெட்டுக்கு முன் எடுக்கப்பட்ட சில மீன்கள் எங்கோ தொட்டிகளில் இனம்பெருக்கினால் அதை நான் குற்றமாகக் கருத மாட்டேன்.

ஆனால் இதில் ஒரு கடுமையான நிபந்தனை உண்டு, அதை வளர்ப்பவர்களே பல நேரங்களில் மீறுகிறார்கள். எந்த ஓடையில் எப்போது எடுக்கப்பட்டது என்ற பதிவில்லாத மீனுக்கு, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், பாதுகாப்பு நோக்கில் மதிப்பில்லை. இரண்டு ஓடைகளின் மீன்களைக் கலந்து இனம்பெருக்கினால் அந்த மரபுவழி அங்கேயே முடிந்துபோகிறது. நிறத்துக்காகவும் நீண்ட துடுப்புக்காகவும் தேர்ந்தெடுத்துப் பெருக்கப்பட்ட மீன் ஒருபோதும் ஆற்றுக்குத் திரும்பத் தக்கதன்று. யாரோ ஒருவர் தம் விருப்பப்படி தொட்டி மீனை ஓடையில் விடுவதை மறு அறிமுகம் என்று அழைப்பதையும் ஏற்க முடியாது. தெகிலா மீனைத் திரும்ப விட்டவர்கள் நோய், ஒட்டுண்ணி, உணவு, பகை மீன் ஆகியவற்றையெல்லாம் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த பிறகே விட்டார்கள்.

நீலநதி:

அப்படியானால் வாங்குபவர் விற்பவரிடம் என்ன கேட்க வேண்டும்? ஒவ்வொரு மீனுக்கும் ஆய்வுக் கட்டுரை படித்துவிட்டு வாங்கப் போக எல்லோராலும் இயலாதே.

செவுள்:

நியாயமான கேள்வி. நான் கேட்பவற்றைச் சொல்கிறேன். முதலில் மீனின் அறிவியல் பெயர். வணிகப் பெயருக்குள் பல இனங்கள் ஒளிந்திருக்கின்றன. மேலே சொன்ன சாலக்குடி பார்ப் தனி இனமாக இருந்தும் டெனிசன் பார்ப் என்ற பெயரிலேயே விற்கப்பட்டிருக்கிறது. அறிவியல் பெயர் தெரிந்தால் அது சிவப்புப் பட்டியலில் எந்த நிலையில் இருக்கிறது, எவ்வளவு பரப்பில் வாழ்கிறது என்பதைச் சில நிமிடங்களில் இணையத்தில் பார்த்துவிடலாம். ஒரே ஓடையிலோ ஒரே பாறைத்திட்டிலோ வாழும் இனமாக இருந்து, பண்ணையில் பிறந்தது என்பதற்கு விற்பவரிடம் உறுதி இல்லையென்றால் நான் வாங்குவதில்லை. இதில் விதிவிலக்கு வைப்பதில்லை.

அடுத்து, எங்கே பிடிக்கப்பட்டது என்று கேட்பேன். நாட்டின் பெயர் விடையாகாது. ஏற்றுமதி ஆன ஊரின் பெயரும் விடையாகாது, ஏனென்றால் சிங்கு ஆற்று மீன் கொலம்பியாவிலிருந்து வந்ததுபோல் அது வேறு நாட்டு மீனாக இருக்கக்கூடும். வடிநிலத்தின் பெயரைச் சொல்லக்கூடிய இறக்குமதியாளர்கள் இருக்கிறார்கள், அவர்கள் தம்மிடம் பிடித்துத் தருபவர்களையும் அறிந்திருக்கிறார்கள். அத்தகையவர்களிடம் கார்டினல் டெட்ராவோ கிளவுன் லோச் குஞ்சோ வாங்குவதில் எனக்கு மறுப்பில்லை. ஆற்றோரம் அவர்களின் வாதத்தை அந்த அளவில் ஏற்கிறேன். புதிதாகக் கண்டறியப்பட்ட இனம் என்று விளம்பரம் செய்யப்படும் மீனை மட்டும், அதன் வாழிடம் எவ்வளவு என்பது ஆராயப்படும் வரை தொடுவதில்லை.

முழுவதும் வளர்ந்தபின் அதன் அளவு என்ன என்பதையும் வாங்குமுன் கேட்டுவிடுங்கள். சக்கர் மீனை ஏரியில் விட்டவர்களில் பெரும்பாலோர் தீய எண்ணத்தோடு விடவில்லை. அது வளர்ந்தால் வைத்துக்கொள்ள இடமில்லை என்பதை யாரும் அவர்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. வைத்துக்கொள்ள முடியாத மீனைக் கடையிலோ மற்றொரு வளர்ப்பாளரிடமோ திருப்பிக் கொடுக்க வழி இருக்கிறதா என்பதும் அதே நேரத்தில் கேட்க வேண்டிய கேள்வி. பதில் சொல்லத் தெரியாத விற்பனையாளர் ஒருவர், இதே கேள்விகளை வரிசையாகப் பலர் கேட்டால், தமக்கு மீன் அனுப்புபவரிடம் அவற்றைக் கேட்கத் தொடங்குவார். சுங்கப் பதிவேடு இனப்பெயரைக் கேட்காத வரை, அந்தப் பெயர் எழுதப்படுவதற்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை.